பிள்ளையின் மெலிவும் பெரியவரின் இருமலும்



பிள்ளைகளைத் தாக்கும் நுரையீரல் நோய்களுள் ஒன்றைப் பற்றி இன்று பேசுவோம். நம் பாட்டன்மார் அதை எலும்புருக்கி என்றார்கள். சயரோகம் என்றும் சொன்னார்கள். அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் ‘பாத்தோக் கெரிங்’, அதாவது வறட்டு இருமல், என்றார்கள். புத்தகத்தில் காசநோய் என்று எழுதுகிறோம். கிளினிக்கில் டிபி என்கிறோம். இத்தனை பெயர்கள் இருந்தும், நம் வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் ஒரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லாமல் மறைத்துவிடுகிறோம். அந்த மறைப்பினால் முதலில் கெடுவது வீட்டிலுள்ள சிறு பிள்ளைதான்.

இந்நோய் பிள்ளைக்கு எங்கிருந்து வருகிறது, அதை மனிதன் எப்படிக் கண்டறிந்தான், இன்று நம் கையில் என்னென்ன இருக்கின்றன என்பவற்றை வரலாற்று வழியில் பார்ப்போம்.

முதலில் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டில் ஒரு பையன் சேர்ந்தான். சேர்ந்த புதிதில் துறுதுறுவென்று இருந்தவன், நாளடைவில் மேசையில் தலைவைத்துப் படுக்கத் தொடங்கினான். ஓய்வு நேரத்தில் மற்றப் பிள்ளைகள் பந்தை விரட்டிக்கொண்டு ஓடுவார்கள். இவன் தூணோரமாக உட்கார்ந்திருப்பான். எழுத்துப் பிழைகள் கூடின. வீட்டுப் பாடம் வருவதில்லை. ஆசிரியர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்? சோம்பேறி என்றோம். இரவெல்லாம் தொலைக்காட்சி பார்க்கிறான் என்று முடிவு கட்டினோம். எழுப்பி நிற்க வைத்தோம். சட்டை தோளில் தொங்குவதைக் கண்டும், அண்ணன் சட்டையைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

ஒருநாள் சுகாதாரத் தாதி பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி எடை பார்த்தார். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்ததைவிட இவன் எடை குறைந்திருந்தது. வளர்கிற வயதில் எடை ஏறாமல் இருப்பதே தவறு. குறைவது அதைவிடத் தவறு. தாதி அவனை அருகில் அழைத்து, “உனக்கு இருமல் இருக்கிறதா?” என்று கேட்டார். பிறகு, “வீட்டில் யாராவது இருமுகிறார்களா?” என்று கேட்டார். பையன் சட்டென்று சொன்னான்: “தாத்தா இருமுவார் டீச்சர். ரொம்ப நாளாக இருமுகிறார். நான் தாத்தாகூடத்தான் படுப்பேன்.”

நேயர்களே, தாதி கேட்ட அந்த இரண்டாவது கேள்வியை மனித இனம் கேட்கக் கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் இனிச் சொல்லப் போகிறோம்.

காசநோய் புதிய நோய் அன்று. எகிப்து நாட்டில் பதப்படுத்திப் புதைக்கப்பட்ட பழங்கால உடல்களின் முதுகெலும்பிலும் அதன் அடையாளத்தை அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். நோயை மக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள், காரணத்தைத்தான் அறியவில்லை. ஒரு வீட்டில் தகப்பன் மெலிந்து இறப்பான். சில ஆண்டுகளில் மகன் மெலிவான். பிறகு பேரப்பிள்ளை. இதைப் பார்த்தவர்கள், நோய் இரத்தத்திலேயே ஓடுகிறது, பரம்பரையாக வருகிறது என்று எண்ணினார்கள். குலசாபம் என்றும் செய்வினை என்றும் சொன்னவர்களும் உண்டு. இது நம்மவரிடம் மட்டும் இருந்த மூடநம்பிக்கை என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவில் பெரிய பெரிய மருத்துவர்களே இது பரம்பரை நோய் என்று பாடம் நடத்தினார்கள்.

1865-ஆம் ஆண்டில் வில்லெமின் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர், நோயாளியின் உடலிலிருந்து எடுத்த சீழை முயல்களுக்குச் செலுத்தி, அவற்றுக்கும் அந்நோய் வருவதைக் காட்டினார். அப்படியானால் இது தொற்றுகிற நோய். ஆனால் அவர் சொன்னதைப் பலர் ஏற்கவில்லை. 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் கூடிய மருத்துவர்கள் முன்னிலையில் இராபர்ட் கோக் என்ற ஜெர்மானியர், நோயை உண்டாக்கும் கிருமியையே சாயமேற்றிக் காட்டினார். அந்நாளில் இறப்பவர்களில் ஏழில் ஒருவர் இந்நோயால் இறப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். இப்போது மார்ச் 24 உலகக் காசநோய் நாளாக நினைவுகூரப்படுகிறது.

கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் மார்புக்குள் அது என்ன செய்கிறது என்பது இன்னும் தெரியவில்லை. 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். உயிரோடு இருக்கிறவரின் மார்பை உள்ளே பார்க்க வழி பிறந்தது. 1907-இல் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் பிர்க்கே, தோலில் சிறிது மருந்தை இட்டு, உடலுக்குள் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கிறதா என்று அறியும் சோதனையைச் செய்தார். அடுத்த ஆண்டு மாந்து என்ற பிரெஞ்சு மருத்துவர் அதைத் திருத்தி, ஊசியால் தோலுக்குள் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். இன்றும் நம் பிள்ளைகளின் முன்கையில் ஊசி போட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து வந்து வீக்கத்தைக் காட்டச் சொல்கிறார்களே, அந்தச் சோதனைதான் அது.

வியன்னாவில் நடத்திய சோதனைகள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. ஓடியாடித் திரியும் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் உடலில் கிருமி ஏற்கெனவே நுழைந்திருந்தது. 1912-இல் கோன் என்ற மருத்துவர், இறந்த பிள்ளைகளின் நுரையீரல்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். மூச்சோடு உள்ளே போன கிருமி நுரையீரலில் சிறிய புண்ணை உண்டாக்குகிறது. அங்கிருந்து பக்கத்திலுள்ள நெறிக்கட்டிக்குப் போகிறது. இதுவே பிள்ளையின் காசநோய்க்குத் தொடக்கம் என்று அவர் விளக்கினார்.

பிள்ளையின் நோய்க்கும் பெரியவரின் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். பெரியவரின் நுரையீரலில் இந்நோய் குழி பறிக்கும். அந்தக் குழியில் கிருமி கணக்கில்லாமல் பெருகும். அவர் இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் அது காற்றில் கலக்கும். சிறு பிள்ளையின் நுரையீரலில் பெரும்பாலும் அப்படிக் குழி விழுவதில்லை, கிருமியும் குறைவு. பிள்ளைக்குச் சளியை வெளியே துப்பவும் தெரியாது, விழுங்கிவிடும். ஆகவே சிறு பிள்ளை பிறருக்கு நோயைக் கொடுப்பது அரிது. வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். ஒரு வீட்டில் சிறு பிள்ளைக்கு டிபி என்றால், அதன் அருகில் ஒரு பெரியவர் மருந்தில்லாமல் இருமிக்கொண்டிருக்கிறாரா என்று உடனே தேட வேண்டும். பரம்பரை நோய்போலத் தோன்றியதற்குக் காரணமும் இதுதான். தாத்தாவின் இரத்தம் பேரனுக்குக் கொடுத்ததன்று. தாத்தாவின் பாய் கொடுத்தது.

கிருமி உள்ளே நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பலருக்கு அது ஆயுள் முழுவதும் அடங்கிக் கிடக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம்தான் அச்சம் அதிகம். அவர்களுக்குக் கிருமி நுழைந்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளேயே நோய் வெளிப்படக்கூடும். சில வேளைகளில் நுரையீரலோடு நில்லாமல் இரத்தத்தில் பரவி, மூளையைச் சுற்றியுள்ள சவ்வையும் தாக்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். காடழித்து இரப்பர்த் தோட்டங்கள் போட்ட காலத்தில் நம்மவரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது மலேரியாக் காய்ச்சல். 1901 முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவிட்டு அதை எதிர்த்தார். 1912-இலும் 1923-இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்ட நிர்வாகங்களுக்குச் சில கடமைகளை விதித்தன. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆனால் காசநோய் மலேரியாவைப் போல நான்கு நாளில் ஆளைச் சாய்க்கிற நோயன்று. மெல்ல மெல்ல உருக்கும். பால் வெட்டப் போகிறவர் இருமிக்கொண்டே மரம் வெட்டுவார்; மாலையில் லயத்துக்கு வந்து ஒரே அறையில் மனைவி மக்களோடு படுப்பார். மழைக்கும் குளிருக்கும் பயந்து சன்னலையும் சாத்திவிடுவார்கள். உடல் நலிந்து வேலைக்கு முடியாமல் போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பும் வழக்கமும் அன்று இருந்தது. அப்படிப் போனவர் காசநோயாளியாக இருந்தால், அவர் நாகப்பட்டினத்தில் இறங்கும்போது இங்கே அவர் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையின் மார்பில் கிருமி தங்கியிருக்கும்.

இந்நோய்க்கு எதிராகப் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் காவல் தடுப்பு மருந்து. பிரான்சு நாட்டில் லீல் என்னும் நகரில் கால்மெட், கெரன் என்ற இருவர் 1908-இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கிலும் பித்தநீரிலும் வளர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிய கிழங்குக்கு மாற்றினார்கள். ஒருமுறையா, இருமுறையா? 13 ஆண்டுகளில் 230 தடவை மாற்றினார்கள். இடையில் முதல் உலகப்போர் வந்தது. ஊரை எதிரிப்படை பிடித்துக்கொண்டது. அப்போதும் வேலை நிற்கவில்லை. கடைசியில் அந்தக் கிருமி நோய் கொடுக்கும் ஆற்றலை இழந்தது. அந்த இருவரின் பெயரால்தான் அதை பிசிஜி என்கிறோம்.

1921-இல் பாரிஸ் நகரில் அது முதன்முதலாக ஒரு பச்சிளங்குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் குழந்தையின் தாய் பிரசவித்த சிறிது காலத்தில் காசநோயால் இறந்துவிட்டாள். குழந்தையை வளர்க்க வேண்டியிருந்த பாட்டிக்கும் அதே நோய். பாட்டியின் மடியைத் தவிர அதற்குப் போக்கிடம் இல்லை. அந்தப் பிள்ளைக்குக் காசநோய் வரவில்லை. நம் பள்ளிப் பையனின் கதையும் அந்தப் பாரிஸ் குழந்தையின் கதையும் ஒன்றுதான் அன்றோ?

தடுப்பு மருந்தின் வரலாற்றில் ஒரு பெருந்துயரமும் உண்டு. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் சுமார் 250 குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்தில், அதே ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த கொடிய கிருமி கலந்துவிட்டது. எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். குற்றம் பிசிஜியின் மீதன்று, அதைக் கையாண்ட முறையின் மீது என்று விசாரணையில் தெரிந்தது. எந்த மருந்தையும் எவ்வளவு கவனமாகத் தயாரிக்க வேண்டும் என்பதை உலகம் அங்கே கற்றுக்கொண்டது.

பிசிஜி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1968-இல் தமிழ்நாட்டில் செங்கற்பட்டு வட்டாரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் சிறு பிள்ளைகளுக்கு மூளைச் சவ்வில் வருகிற கொடிய டிபியையும், உடலெங்கும் பரவுகிற டிபியையும் அது நன்றாகத் தடுக்கிறது என்பது பல நாடுகளில் உறுதியாயிற்று. எனவே பிறந்த பிள்ளைக்கு பிசிஜி போடாமல் விடக்கூடாது. அதே சமயம், “தோளில் தழும்பு இருக்கிறதே, இனி டிபி எப்படி வரும்?” என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது.

தடுப்பு ஒருபுறம் இருக்க, வந்துவிட்ட நோய்க்கு மருந்து? நெடுங்காலம் ஒன்றும் இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றுமே மருத்துவம். அதற்காக ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டினார்கள். சென்னைக்கு அருகே தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-இல் ஒன்றைத் தொடங்கினார். அங்குள்ள இரயில் நிலையத்துக்கு இன்றும் சானடோரியம் என்றே பெயர்.

1943-இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஷாட்ஸ் என்ற இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரித்தெடுத்தார். எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவர்கள் எழுந்தார்கள். ஆனால் சில மாதங்களில் பலருக்கு நோய் திரும்பிவிட்டது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகித் தப்பிவிடுகிறது என்பது தெரிந்தது. 1952-இல் ஐசோநியாசிட் என்ற மலிவான மாத்திரை வந்தது. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து, நீண்ட நாள் விடாமல் கொடுத்தால் கிருமி தப்பாது என்பதை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். டிபிக்கு ஏன் இத்தனை மாத்திரை, ஏன் இத்தனை மாதம் என்று சலித்துக்கொள்கிறோமே, அதற்குக் காரணம் இந்த அனுபவந்தான்.

அடுத்து ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. ஏழை நாடுகளில் நோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியத்தில் படுக்கைகளோ மிகக் குறைவு. வீட்டில் வைத்து மருத்துவம் செய்யலாமா? ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் வாழும் வீட்டில் நோய் குணமாகுமா? பிள்ளைகளுக்குத் தொற்றிவிடாதா? இதற்கு விடை காண 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார்.

சென்னையின் நெரிசலான பகுதிகளில் வாழ்ந்த 193 ஏழை நோயாளிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் மருந்து உண்டார்கள். மறு பிரிவினர் தங்கள் வீட்டிலேயே, கிடைத்த கஞ்சியோடு அதே மருந்தை ஓராண்டு உண்டார்கள். வீட்டுக்குச் சொல்லாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறையச் சமமாகவே குணமடைந்திருந்தார்கள். அதைவிட வியப்பு, நோயாளி வீட்டிலேயே மருந்துண்ட குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் நோய் வந்தது கூடுதலாக இல்லை. ஏன்? மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே நோயாளியிடமிருந்து கிருமி பரவுவது நின்றுவிடுகிறது. வீட்டாருக்குத் தொற்றுவதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாய்மார்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டுகிறோம். மருந்து உண்ணும் நோயாளியால் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. நோயை மறைத்துக்கொண்டு மருந்தில்லாமல் இருமுகிறவரால்தான் ஆபத்து. இதை உலகத்துக்கு நிரூபித்துக் கொடுத்தவர்கள் சென்னைக் குடிசைகளில் வாழ்ந்த, நம்மைப் போன்ற உழைப்பாளிகள். அவர்கள் விடாமல் விழுங்கிய மாத்திரையால், உலகெங்கும் ஏழைகள் குடும்பத்தைப் பிரிந்து போகாமல் குணமாகும் வழி பிறந்தது.

அமெரிக்காவில் குழந்தை மருத்துவர் எடித் லிங்கன் 1950-களில் இன்னொன்றைக் கவனித்தார். தொடக்க நிலையில் ஐசோநியாசிட் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மூளைச் சவ்வு நோய் வரவில்லை. அதன் பிறகு நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. கிருமி நுழைந்தும் நோய் வெளிப்படாத பிள்ளைக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துக் காப்பாற்றலாம் என்ற முறை இப்படித்தான் வந்தது.

நம் வட்டாரத்திலும் பணிகள் நடந்தன. சிங்கப்பூரில் 1947-இல் காசநோய் எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. கோலாலம்பூர் செராஸ் பகுதியில் 1950-களில் லேடி டெம்ப்ளர் மருத்துவமனை காசநோயாளிகளுக்காக எழுந்தது. 1961-இல் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, பிறந்த குழந்தைகளுக்கு பிசிஜி போடுவதும் நாடெங்கும் பரவியது. பின்னர் ரிஃபாம்பிசின் என்னும் மருந்து வந்ததும் சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகக் குறைந்தது. அதற்கு வழிகாட்டிய ஆய்வுகளில் 1970-களில் சிங்கப்பூரில் நடந்தவையும் சேரும். முன்பு பெரியவர் மாத்திரையை உடைத்து, பொடித்து, சர்க்கரையில் குழைத்துப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டியிருந்தது. 2015-ஆம் ஆண்டின் இறுதியில், தண்ணீரில் கரையும் சுவையான மாத்திரை பிள்ளைகளுக்கென்றே வெளிவந்தது. நோய் கடுமையாக இல்லாத பிள்ளைகளுக்கு நான்கு மாதச் சிகிச்சையே போதும் என்று, இந்தியாவிலும் ஆப்பிரிக்க நாடுகளிலும் 1,200-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2022-இல் காட்டியது. எத்தனை மாதம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நம் நாட்டில் இன்னும் ஆண்டுதோறும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டிபி கண்டறியப்படுகிறது. ஆகவே இது முடிந்துபோன கதை அன்று. தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோயிருந்தாலும், இது நமக்குரிய பாடந்தான்.

வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? பிள்ளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்து வந்து போனால், எடை ஏறாவிட்டால் அல்லது குறைந்தால், விளையாட்டில் நாட்டம் போய்ச் சுருண்டு படுத்தால், கழுத்தில் நெறிகட்டி வலியில்லாமல் வீங்கியிருந்தால், கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். வீட்டிலோ, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்திலோ யாராவது இருமுகிறார்களா என்பதை மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளை சளியைத் துப்பாது என்பதால், மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கலாம்; தோல் சோதனை செய்யலாம்; காலையில் வெறும் வயிற்றில் குழாய் வைத்து இரைப்பை நீரை எடுக்கவும் கூடும். விழுங்கிய சளி அங்கேதான் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

எல்லா இருமலும் டிபி அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இழுப்பு நோய் வந்து வந்து போகும். மூச்சில் விசில் சத்தம் கேட்கும். நுரையீரல் அழற்சியாகிய நிமோனியா டிபியைப் போல வாரக்கணக்கில் காத்திராது. ஒரே நாளில் முற்றிவிடும். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40. அதற்கு வந்தாலோ தாண்டினாலோ மூச்சு மிகை. மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும் ஆபத்து. அப்போது தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த வேளையிலேயே மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.

வீட்டில் ஒரு பெரியவருக்கு டிபி என்று தெரிந்தால், அவரோடு வாழும் எல்லோரும், முக்கியமாக ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், சோதனைக்குப் போக வேண்டும். நோய் இல்லாத சிறு பிள்ளைக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கச் சொன்னால், “நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மாத்திரை?” என்று மறுக்காதீர்கள். தட்டு, குவளை, துணி வழியாக டிபி பரவுவதில்லை. காற்று வழியாகத்தான் பரவும். நோயாளிக்குத் தனிக் குவளை வைத்து ஒதுக்கிவிட்டுச் சன்னலைச் சாத்தி வைப்பதால் பயன் ஒன்றும் இல்லை. குவளையை விடுங்கள், சன்னலைத் திறங்கள். தொடக்க வாரங்களில் பிள்ளையை வேறிடத்தில் படுக்க வையுங்கள். நோயாளி வாயையும் மூக்கையும் மூடி இருமட்டும். அரசாங்க மருத்துவ நிலையங்களில் குடிமக்களுக்கு டிபி சிகிச்சை இலவசம்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறும். அப்போதுதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி வந்தால், பிறகு மருத்துவம் நீண்டது, கடுமையானது. மருத்துவர் போதும் என்று சொல்லும் நாள்வரை நிறுத்தக்கூடாது.

எங்கள் பள்ளிப் பையனின் கதையை முடிக்கவில்லையே. அவனுக்கும் தாத்தாவுக்கும் டிபி என்று தெரிந்தது. தாத்தாவின் இருமல் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பீடி இருமல் என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். உள்ளுக்குள் சந்தேகம் இருந்தது. ஆனால் அவனுடைய அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். பெண் வீட்டில் டிபி என்ற பேச்சு வெளியே போனால் என்ன ஆவது என்று பாட்டி பயந்தார். அந்தப் பயத்தை நாம் குறை சொல்ல முடியுமா? நம்முடைய வாய்தானே அந்தப் பயத்தை உண்டாக்கியது? தாத்தா காலையில் கிளினிக்கில் தாதியின் முன்னால் மாத்திரை உண்டார். மூன்று வயதுத் தங்கைக்கு நோய் இல்லை; தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பையனும் தாத்தாவும் குணமானார்கள். அத்தையின் திருமணம் தள்ளிப்போனது, நின்றுபோகவில்லை.

பையன் தேறி மீண்டும் வகுப்புக்கு வந்தபோது அவனை முன்வரிசையில் உட்கார வைத்தோம். எழுப்பி நிற்க வைத்ததற்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தோமா என்றால், இல்லை. ஏழு வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அன்று முதல், மேசையில் தலைவைத்துப் படுக்கும் பிள்ளையைக் கண்டால் திட்டுவதற்கு முன் எடை பார்க்கிறோம். வீட்டில் யார் இருமுகிறார்கள் என்று கேட்கிறோம்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறுகளைச் சொல்கிறார் வள்ளுவர். அந்த நான்காம் இடம் தாய்க்கும் தந்தைக்கும், பாட்டிக்கும் ஆசிரியருக்கும் உரியது. மற்ற மூன்றையும் உலகம் நூறாண்டு பாடுபட்டுத் தேடிக் கொடுத்துவிட்டது. இன்று இரவு உங்கள் வீட்டில் யாராவது பல நாளாக இருமிக்கொண்டிருந்தால், அவரிடம் அன்பாகப் பேசி, நாளைக் காலையில் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அவர் பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையையும் உடன் கூட்டிச் செல்லுங்கள்.